நாம் எழுதாத எண்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் நண்பரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் கைபேசியை ஒரு துண்டில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது, சிம் அட்டையையும் கழற்றி, விபூதிப் பொட்டலம்போல் காகிதத்தில் தனியே மடித்து வைத்திருந்தார். "நான் பதியாத எண் ஒன்று இதில் இருக்கிறது, ஐயா. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்" என்றார். தாமறியாமல் ஒரு பெயர்கூட வருகைப் பதிவேட்டில் ஏறவிடாமல் பள்ளியை நடத்திய மனிதர் அவர்.

அந்த எண் 1800-300-1947. ஆதார் ஆணையத்தின் பழைய உதவி எண். ஆகஸ்டு 3-ஆம் தேதியன்று தேசமெங்கும் எண்ணற்றவர்கள் தத்தம் கைபேசியின் பெயர்ப் பட்டியலில் அதைக் கண்டு திடுக்கிட்டார்கள். ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வராதிருந்த காலம் அது; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் ஆர்.எஸ். சர்மா, தம் ஆதார் எண்ணை வெளியிட்டு, முடிந்தால் தமக்குத் தீங்கு செய்து பார்க்கும்படி சவால் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்படி ஜனங்களின் மனம் ஏற்கெனவே கலங்கியிருந்த வேளையில், ஆதாரின் பெயரிலேயே ஓர் எண் தானாக முளைத்தால் சந்தேகம் எழாமல் என்ன செய்யும்? எந்த நிறுவனத்திடமும் அதைச் சேர்க்கும்படி தாங்கள் கேட்கவில்லை என்றும், செல்லுபடியாகும் எண் 1947 மட்டுமே என்றும் ஆணையம் அறிவித்தது. அந்த மறுப்பு, 'அப்படியானால் வைத்தவர் யார்?' என்ற கேள்வியை இன்னும் கூர்மையாக்கிற்று.

விடை கூகுளிடமிருந்து வந்தது. இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளுக்காகத் தயாரிப்பாளர்களிடம் 2014-இல் தாங்கள் கொடுத்த ஆண்ட்ராய்டு மென்பொருளின் தொடக்க அமைப்பிலேயே, அந்த உதவி எண்ணும் 112 என்ற அவசர எண்ணும் கவனக்குறைவால் சேர்க்கப்பட்டுவிட்டன என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெயர்ப் பட்டியல் ஒருவருடைய கூகுள் கணக்கோடு சேர்ந்து பயணிப்பதால், பழைய கைபேசியில் இருந்தது புதியதிலும் வந்து ஒட்டிக்கொண்டது. நான்காண்டுகள் அங்கேயே இருந்த எண் அது; அன்று ஒருவர் பார்த்தார், பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

என் நண்பர் கண்டது பிரமையன்று. நாம் எழுதாதது நம் ஏட்டில் இருக்கிறதென்றால், வேறொரு கை எழுதியிருக்க வேண்டும் என்ற அனுமானம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தக் கை திருடனுடையதாகவும் இருக்கலாம், யந்திரத்தைச் செய்தவனுடையதாகவும் இருக்கலாம் என்ற பேதத்தைச் சாமானியருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லாமல் எழுதிய நிறுவனத்தின் மேல்தான் எனக்கு வருத்தமே தவிர, பயந்தவர்கள்மேல் இல்லை. பிச்சாவரத்துக் கழிமுகத்தில் ஓதம் ஏறுகையில், காலையில் தான் நின்ற சேற்றுத்திட்டு மாலையில் மூழ்கியிருப்பதைக் காணும் வெளியூரான் வெள்ளம் வந்ததென்று பதறுவான். கிள்ளையில் பிறந்தவனோ திரும்பியும் பாரான். நீரின் அன்றாட சுபாவத்தை அறிந்திருப்பது ஒன்றே இருவருக்குமுள்ள வித்தியாசம்.

அந்த அறிவில்லாத இடத்தில் அச்சம் கையை ஏவிவிடுகிறது. 2002-இல் உலகெங்கும் சுற்றிய ஒரு மின்னஞ்சல், கணினிக்குள் கரடிப் பொம்மைச் சித்திரத்தோடு ஒரு கோப்பு இருந்தால் அது வைரஸ் என்றும் உடனே அழித்துவிடுமாறும் சொல்லிற்று. விண்டோஸ் கணினியில் தேடியவர்களுக்குக் கரடி அகப்பட்டது, அழித்தார்கள், நண்பர்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள். அதுவோ ஜாவா நிரலாளர்களின் உபயோகத்துக்காக மைக்ரோசாஃப்டே வைத்த கோப்பு. வைரஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. பயந்தவர்களின் விரல்களே அதன் வேலையைச் செய்து முடித்தன.

பிற்காலத்து வஞ்சகர்கள் இதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். கணினி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறக்கச் செய்வார்கள். யந்திரம் தன் அன்றாடச் சிறு தடங்கல்களைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு அது. ஆரோக்கியமான கணினியிலும் சிவப்புக் குறிகளும் மஞ்சள் முக்கோணங்களும் அதில் நிறைந்திருக்கும். "பார்த்தீர்களா, எத்தனை வைரஸ்!" என்பார்கள், பயந்தவர் பணம் கொடுப்பார். மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் சேர, 2023 அக்டோபரில் சி.பி.ஐ. தேசமெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது.

கைபேசியிலும் இவ்வாறே. *#62# என்று அழுத்தினால் ஓர் எண் தோன்றும், அதுவே உங்களை ஒட்டுக்கேட்பவனின் எண் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கைபேசி அணைந்திருக்கும்போது வரும் அழைப்பு எங்கே திருப்பப்படும் என்பதைத்தான் அது காட்டுகிறது. பெரும்பாலும் தொலைபேசி நிறுவனமே வைத்த எண். மெய்யான அபாயம் பக்கத்திலேயே வேறு உருவில் நிற்கிறது: முன்பின் அறியாத ஒருவன் சொன்னான் என்று *401* எனத் தொடங்கும் எண்ணை அழுத்தினால், நம் அழைப்புகளெல்லாம் அவனிடம் போய்ச் சேரும். அதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இவ்வகையில் அழைப்பைத் திருப்பும் வசதியையே நிறுத்திவைக்க அரசு உத்தரவிட்டது. அப்படி ஏமாந்தவர் தாமதமின்றி இணையக் குற்றப் புகார்களுக்கான உதவி எண்ணாகிய 1930-ஐ அழைக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, தமிழ்நாட்டுக் கைபேசிகள் எங்கும் உரத்த ஒலி எழுந்து, பேரிடர் எச்சரிக்கைக்கான ஒத்திகைச் செய்தி திரையில் விரிந்தது. என் எண் அரசாங்கத்துக்கு எப்படிக் கிடைத்தது என்று அன்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அந்த ஒலியை நிரந்தரமாக அடைப்பது எப்படி என்று கேட்டவர்களும் உண்டு. எண் எதுவும் அதற்குத் தேவையில்லை. தண்டோராக்காரன் தெருவில் நின்று பறையறைவதுபோல், கோபுரம் தன் எல்லைக்குட்பட்ட கைபேசிகள் அனைத்துக்கும் ஒரே குரலில் சொல்கிறது. கேட்பதற்கான காது கைபேசியின் அமைப்பில் முன்பே வைக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் சுனாமியையும், 2011 டிசம்பரில் தானே புயலையும் கண்ட கடற்கரையில், அந்தக் காதை அடைத்துவிடலாமா?

அன்று மாலை தலைமையாசிரியர் மஞ்சக்குப்பத்திலிருந்து என்னை அழைத்தார். தேவனாம்பட்டினத்தில் அவரிடம் படித்த பையன்கள் இருவர் கைபேசியோடு ஓடிவந்தார்களாம். அமைப்புகளைத் திறந்து, அவசர எச்சரிக்கை என்ற வரியை அவர்களுக்குக் காட்டி, அதன் பக்கத்திலிருந்த பொத்தான் இயங்கும் நிலையில்தான் இருக்கிறதா என்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாராம்.