'கோச்சைத் தூக்குங்க!' என்று சொல்வதற்கு முன்: ராஜகோபால் காலம் நமக்குக் காட்டுவது என்ன?

ஹரிமாவ் மலாயா தோற்ற இரவு. மேட்ச் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கிள்ளானில் மாமாக் கடையானாலும் சரி, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையானாலும் சரி, பேச்சு ஒன்றுதான். "இந்தக் கோச்சைத் தூக்கணும்பா." பக்கத்து மேசையிலிருந்து உடனே பதில் வரும்: "கோச் என்ன செய்வாரு? பிளேயர்ஸ் ஓடணும் இல்ல!"

நீங்கள் எந்தப் பக்கம்? முடிவு செய்வதற்கு முன் டத்தோ கே. ராஜகோபாலின் கதையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2009 முதல் 2013 வரை தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் அவர். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கியதும் உண்டு, போதும் போங்கள் என்றதும் உண்டு. ஒரு பயிற்றுநரை எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த நாற்காலி அவருக்கு எப்படிக் கிடைத்தது?

இன்னொருவர் அதிலிருந்து இறக்கப்பட்டதால்தான்.

2009 ஜனவரியில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், சொந்த மண்ணிலேயே ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் மலேசியா 0-5 என்று தோற்றது. அப்போதைய பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தார். ராஜகோபால் வந்தார்.

சத்தியநாதனின் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு, 2010 அக்டோபரில், அவர் பயிற்சியளித்த கிளந்தான் அணி மலேசியக் கிண்ணத்தை வென்றது. கிளந்தான் வரலாற்றிலேயே அது முதல் முறை. தேசிய அணியில் 'சரியில்லை' என்று அனுப்பப்பட்ட அதே ஆள்தான்! அவருக்கு அங்கே கிடைத்தது வேறு வீரர்கள், தினசரிப் பயிற்சி, ஒரு முழு சீசன்.

நான்கே வாரத்தில் என்ன மாறியது?

ராஜகோபாலின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2009 டிசம்பரில் வியந்தியனில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அவருடைய இளம் அணி வியட்னாமை 1-0 என்று வென்றது. காற்பந்தில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கிடைத்த சீ தங்கம் அது.

ஆனால், 2010 டிசம்பர் 1-ஆம் தேதி நிலைமை தலைகீழ். ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 தோல்வி. அந்த இரவில் மட்டும் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமே இல்லை.

அடுத்து தாய்லாந்துடன் 0-0. லாவோஸுக்கு எதிராக 5-1 வெற்றி. அரையிறுதியில் வியட்னாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வீழ்த்தி, ஹனோயில் 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் 26, புக்கிட் ஜாலில்: அதே இந்தோனேசியாவுக்கு எதிராக 3-0. சஃபீ சாலி இரண்டு கோல், அஷாரி சம்சுடின் ஒன்று. டிசம்பர் 29, ஜகார்த்தா: 1-2 தோல்வி. இருந்தாலும் மொத்தக் கணக்கில் 4-2.

1996-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் மலேசியா கிண்ணம் வென்றது அதுவே முதல் முறை. 2024 போட்டி வரைக்கும் பார்த்தால், அது ஒன்றுதான். டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாகவே அறிவித்தது.

1-5 என்று தோற்றதும் இதே கோச்தான். நான்கு வாரத்தில் கிண்ணம் தூக்கியதும் இதே கோச்தான்.

அப்படியென்றால் அது வெறும் அதிர்ஷ்டமா?

கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

குழுச் சுற்றின் கடைசி நாளில் மலேசியா லாவோஸை வென்று 4 புள்ளிகளோடு முடித்தது. ஆனால், அதே நேரத்தில் தாய்லாந்து இந்தோனேசியாவை வென்றிருந்தால் 5 புள்ளிகளோடு அவர்கள் முன்னேறியிருப்பார்கள், நாம் வீட்டுக்குத் திரும்பியிருப்போம். ஆட்டத்தின் பிற்பகுதியில் தாய்லாந்து முன்னிலையிலும் இருந்தது. கடைசி நிமிடங்களில் பம்பாங் பமுங்காஸ் அடித்த இரண்டு பெனால்டிகளால் இந்தோனேசியா 2-1 என்று வென்றது.

தாய்லாந்தின் பயிற்றுநர் யார் தெரியுமா? மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் கேப்டன் பிரையன் ராப்சன். அன்று அவர் குழுச் சுற்றோடு வெளியேறினார், ராஜகோபால் அரையிறுதிக்குப் போனார். இருவருடைய விதியையும் பிரித்தது, மலேசியா விளையாடாத ஓர் ஆட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்டிகள்.

ஆனால், அதிர்ஷ்டம் மட்டும் கிண்ணம் தந்துவிடாது. சீ தங்கம் வென்ற இளைஞர்கள் பலரை ராஜகோபால் நம்பி மூத்த அணிக்குக் கொண்டுவந்தார். ஐந்து கோல் வாங்கிய பிறகும் அவர்களைக் கைவிடவில்லை. ஐந்து கோல் வாங்கிய அந்த அணி, தாய்லாந்துக்கும் வியட்னாமுக்கும் எதிரான அடுத்த மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. இதைப் பயிற்றுநர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பிறகு ஏன் ரசிகர்கள் திரும்பினார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5 தோல்வி, திரும்ப இங்கே 1-1. அத்தோடு வெளியேற்றம். 2012 ஏஎஃப்எஃப் கிண்ணத்தில், நடப்பு வெற்றியாளராக, முதல் ஆட்டத்திலேயே புக்கிட் ஜாலிலில் அதே சிங்கப்பூரிடம் 0-3. அதன்பின் மீண்டு அரையிறுதி வரை போனாலும், தாய்லாந்திடம் 1-1, 0-2 என்று ஆட்டம் முடிந்தது.

2013 இறுதியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. அது நியாயமான முடிவா? விவாதிக்கலாம். நான்கு ஆண்டுக்கும் மேல் வாய்ப்புக் கொடுத்து, பல போட்டிகளைப் பார்த்து எடுத்த முடிவு என்பதால், ஒரே ராத்திரி ஸ்கோரைப் பார்த்து எடுக்கும் முடிவைவிட அது மேல்தான்.

கோச் கையில் இருப்பது எது, இல்லாதது எது?

பல சண்டைகள் முட்டிக்கொள்ளும் இடம் இது. கிளப் கோச்சுக்கு வீரர்கள் தினமும் கிடைப்பார்கள். தேசிய அணிக் கோச்சுக்கு ஆண்டில் சில வாரங்கள்தான்.

யாரை அழைப்பது, எந்த வியூகத்தில் ஆடுவது, எப்போது மாற்று வீரரை இறக்குவது, தோல்விக்குப் பின் அணியை எப்படி எழுப்புவது - இவை அவர் கையில். உள்ளூர் லீக்கின் தரம், இளையோர் பயிற்சித் திட்டம், ஆட்ட அட்டவணை, கிளப்புகளுக்கும் மலேசியக் காற்பந்து சங்கத்துக்கும் உள்ள உறவு - இவை அவர் கையில் இல்லை.

ஓர் உதாரணம். ஃபிஃபா குறித்து வைத்திருக்கும் நாள்களில் மட்டுமே கிளப்புகள் வீரர்களைக் கட்டாயம் விட்டுக்கொடுக்க வேண்டும். டிசம்பரில் நடந்த ஏஎஃப்எஃப் கிண்ணம் அந்த நாள்களுக்குள் வராது. 2010-இல் உள்ளூர் சீசன் டிசம்பருக்கு முன்பே முடிந்திருந்தது. 2024-இலோ லீக் நடந்துகொண்டிருக்கும்போதே கிண்ணம் வந்தது. அந்த முறை மலேசியா குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ஆகவே, "இவர் ஏன் ராஜகோபால் மாதிரி ஜெயிக்கல?" என்று கேட்பதற்கு முன், அவருக்குக் கிடைத்த அணி இவருக்கும் கிடைத்ததா என்று கேளுங்கள்.

ஆளை மாற்றினால் சரியாகிவிடுமா?

ராஜகோபாலுக்குப் பிறகு வந்த டோல்லா சாலே 2014 ஏஎஃப்எஃப் கிண்ணத்தில் இறுதிவரை போனார். மறு ஆண்டு பாலஸ்தீனத்திடம் 0-6, பிறகு ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10. அவர் விலகினார்.

ஆனால், ரசிகர்களின் கோபம் விலகவில்லை. 2015 செப்டம்பர் 8, ஷா ஆலம்: சவுதி அரேபியாவுக்கு எதிராக 1-2 என்று இருந்தபோது, சங்க நிர்வாகத்தை எதிர்த்து ரசிகர்கள் தீப்பந்தங்களை எறிய, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் நிறுத்தப்பட்டது. புள்ளிகள் சவுதிக்குப் போயின. கோளாறு பயிற்றுநரோடு நிற்கவில்லை என்று ரசிகர்கள் கண்டது சரி. அதைச் சொன்ன விதம் சொந்த அணிக்கே அடியாக விழுந்தது.

அதன்பின் வந்த போர்ச்சுகல்காரர் நெலோ விங்காடா ஒரு வெற்றிகூட இல்லாமல் போனார். டான் செங் ஹோ 2018-இல் அணியை ஏஎஃப்எஃப் இறுதிக்குக் கொண்டுபோனார், 2022 தொடக்கத்தில் விலகினார். கிம் பான் கோன் அணியை 2023 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற வைத்து, தென்கொரியாவுடன் 3-3 என்று சமன் செய்யவும் வைத்தார். 2024-இல் அவரே விடைபெற்றுக்கொண்டார். 2025 தொடக்கத்தில் ஆஸ்திரேலியர் பீட்டர் சிக்லமோவ்ஸ்கி வந்தார். நாற்காலியில் ஆள்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கிண்ணம் மட்டும் 2010-லேயே நிற்கிறது.

'நம்ம ஆளு' என்பதால் நாம் வேறு மாதிரிப் பார்க்கிறோமா?

இதையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். ராஜகோபால் தமிழர். 2010 அணியில் எஸ். குணாளனும் இருந்தார். கிண்ணம் வந்தபோது நம் வீடுகளில் பெருமை கொஞ்சம் கூடுதல்தான், அதில் தப்பே இல்லை. ஆனால், 'நம்ம ஆளு' என்பதற்காகத் தோல்வியை மூடி மறைப்பதும் சரி, அதற்காகவே ஒருவரைக் கூடுதலாக உரசிப் பார்ப்பதும் சரி, இரண்டுமே காற்பந்து அளவுகோல் அல்ல.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? ராஜகோபாலுக்குப் பிறகு 2025 வரை நியமிக்கப்பட்டவர்களில் இந்திய வம்சாவளி மலேசியர் ஒருவரும் இல்லை. கிள்ளான் திடலில் பந்து உதைக்கும் ஒரு பையனுக்கு நாளைக்குக் கோச் ஆக வேண்டும் என்ற ஆசை வந்தால், ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்று சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்து ஏறியவனை ஒரே ராத்திரி ஸ்கோரில் இறக்கிவிடுவார்கள் என்றால், யார் ஏறுவார்கள்?

அடுத்த தோல்வியின்போது கேட்க வேண்டியவை

ஒன்று: ஓர் ஆட்டத்தைப் பார்க்கிறோமா, ஓர் ஆண்டைப் பார்க்கிறோமா?

இரண்டு: கேட்ட வீரர்கள் அவருக்குக் கிடைத்தார்களா?

மூன்று: முந்தைய தோல்வியில் செய்த தப்பை அணி திருத்திக்கொண்டதா, திரும்பவும் அதையே செய்கிறதா?

நான்கு: வேலைக்கு எடுத்தபோது அவருக்குச் சொல்லப்பட்ட இலக்கு என்ன? அது நமக்கெல்லாம் தெரியுமா?

இத்தனைக்கும் பதில் தேடிய பிறகும் "தூக்கணும்" என்று தோன்றினால், தாராளமாகச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்பவர்கள் நீங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. மூன்றாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். 2010 டிசம்பரில் அதற்குப் பதில் வர நான்கு வாரம் ஆனது.