வானத்தின் ஒளியா, ராக்கெட்டின் ஒளியா?

நிலா இல்லாத இரவிலும் வானம் முழுக் கறுப்பு இல்லை, தெரியுமா? பகலில் வெயில் பிரித்துப்போட்ட ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மறுபடி ஒன்றுசேர்கின்றன. அதில் பிறக்கும் பச்சை ஒளி, சுமார் 97 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாகப் பூமியையே சூழ்ந்து நிற்கிறது! அங்கே பலூன் எட்டாது, செயற்கைக்கோள் நிலைக்காது. உள்ளே நுழைந்து அளக்க ஆய்வு ராக்கெட்தான் வழி. கிடைப்பதோ சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களிலும் ஒளிக் கலப்படம்! மேலே பார்த்தபடி போகும் ஒளிமானி படலத்தைத் தாண்டியதும், அதில் பச்சை ஒளி அற்றுப்போக வேண்டும். அப்போதும் கணக்கில் அடங்காத வெளிச்சம் மிஞ்சினால், முதல் சந்தேகம் ராக்கெட்டின் மீதுதான்.

2009இல் அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ராக்கெட்டில் கிளம்பிய 'சைபர்' தொலைநோக்கிக்கு என்ன ஆனது தெரியுமா? அது தேடிப்போனது நம் விண்மீன் மண்டலத்துக்கு அப்பாலிருந்து வரும் மங்கலான அகச்சிவப்பு ஒளியை. ஆனால் மேலேறும்போது காற்று உராய்ந்து சூடேறிய ராக்கெட்டின் உலோக உறையே அகச்சிவப்பை உமிழ்ந்தது. அது சிதறிக் கருவிக்குள் புகுந்துவிட்டது! 2010இல் மறுபடி ஏவியபோது, கதவு திறந்ததும் வெளியே நீண்டு அந்த வெப்ப ஒளியைத் தடுக்கும் மறைப்புகளோடு அனுப்பினார்கள்.

என்னை மயிர்க்கூச்செறிய வைக்கும் சம்பவம் 1982 மார்ச்சில் நடந்தது. கொலம்பியா விண்ணோடத்தின் வால் இருட்டில் தானாக ஒளிர்வது புகைப்படத்தில் பதிவானது! எழுபதுகளில் பறந்த 'அட்மாஸ்பியர் எக்ஸ்புளோரர்' செயற்கைக்கோள்களின் ஒளிமானிகளும் இதே மர்ம ஒளியைக் கண்டிருந்தன. பறக்கும் திசையைப் பார்த்தால் அதிகம்; தாழப் பறந்தால் இன்னும் அதிகம். அதாவது, அளக்க வேண்டிய காற்று எங்கே அடர்த்தியோ அங்கேதான் கலப்படமும் கூடுதல்!

காரணம் இன்னும் அழகு. வினாடிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விண்ணோடத்தின் மேற்பரப்பில் மோதுகின்றன. அங்கே ஒட்டியிருக்கும் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து, கிளர்ச்சியுற்ற நைட்ரஜன் டை ஆக்சைடாகின்றன. அது செம்மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டே விலகிப் போவதால், ஒளிப்போர்வை சுமார் 20 சென்டிமீட்டர் வரை பரவித் தெரிகிறது. நம்ப முடிகிறதா? 1991இல் டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஒளிர்வு சட்டென்று பிரகாசமானது!