ஆறு மைல் சதுரத்தில் எத்தனை பேர்?

தமிழ்நாட்டுக் கிராமங்களை அளக்க அந்தக் கால சர்வேயர்கள் இழுத்துத் திரிந்த சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள துண்டு பத்து சென்ட். அப்படிப் பத்துத் துண்டு சேர்ந்தால் ஒரு ஏக்கர். இதே சங்கிலிதான் அமெரிக்காவையும் அளந்தது. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே குளமும் கோயிலும் நத்தமும் இருந்த ஊருக்குள் சங்கிலி வந்தது. அங்கே சங்கிலி முன்னால் போனது, ஊர் பின்னால் வந்தது.

அப்படி வந்த ஊருக்கு டவுன்ஷிப் என்று பெயர். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் இது நம்மூர் ஊராட்சியைப் போன்ற அடிமட்ட உள்ளாட்சி. 16,000க்கும் அதிகமான டவுன்ஷிப் நிர்வாகங்கள் அந்நாட்டில் உண்டு. பலவற்றில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். சிலவற்றில் அதுவும் இல்லை.

கோடு போட்ட கதை

சுதந்திரப் போர் முடிந்தபோது புதிய அரசுக்குக் கழுத்தளவு கடன். கையில் பணமில்லை, மேற்கே நிலம் இருந்தது. விற்க வேண்டுமானால் அளந்தாக வேண்டும். 1785 மே 20 அன்று நிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, பென்சில்வேனியாவின் மேற்கு எல்லை ஓஹையோ ஆற்றைத் தொடும் இடத்தில், தாமஸ் ஹட்சின்ஸ் அளவையைத் தொடங்கினார்.

ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 1796க்குப் பிறகு எண் போடும் முறை இப்படி நிலைத்தது: வடகிழக்கு மூலையில் 1, அங்கிருந்து மேற்கே 6 வரை, அடுத்த வரிசை மேற்கிலிருந்து கிழக்கே. உழுதுகொண்டு போன மாடு வரப்பில் திரும்பி வருவதைப் போல வளைந்து வளைந்து வந்து, தென்கிழக்கு மூலையில் 36 முடியும். 16ஆம் செக்ஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு மாநிலங்களில் பின்னர் 36ஆவதும் சேர்ந்தது. நெப்ராஸ்காவில் இவற்றில் மிஞ்சிய நிலங்களின் குத்தகைப் பணம் இன்றும் பள்ளிகளுக்குத்தான் போகிறது.

பூமி உருண்டை, காகிதம் தட்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும் என்பதால் சதுரம் சதுரமாகவே நிற்காது. அதற்காக 24 மைலுக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து புதிதாக அளந்தார்கள். நேராக ஓடும் கிராமத்துச் சாலை, காரணமே தெரியாமல் வயல் நடுவே சட்டென்று ஒடிந்து, சற்றுத் தள்ளி மறுபடி நேராகப் போவது இதனால்தான்.

யாரைக் கணக்கெடுத்தார்கள்?

காலி நிலம் என்று காகிதத்தில் இருந்தது. நிலத்தில் ஆட்கள் இருந்தார்கள். நெப்ராஸ்காவின் நியோப்ராரா ஆறு மிசௌரியில் கலக்கும் பகுதி போங்கா மக்களின் பூமி. 1877இல் அவர்களை இன்றைய ஓக்லஹோமா பக்கம் துரத்தினார்கள். அங்கே இறந்த மகனைச் சொந்த மண்ணில் புதைக்கத் திரும்பி நடந்த தலைவர் ஸ்டாண்டிங் பேர் கைதானார். 1879இல் ஓமாஹா நீதிமன்றம், பழங்குடியினரும் சட்டத்தின் பார்வையில் மனிதரே என்று தீர்ப்பளித்தது. அதையும் ஒரு தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. வரி கட்டாத பழங்குடியினரை மக்கள்தொகையில் சேர்க்க வேண்டாம் என்று எழுதிவைத்த அரசியல் சட்டமல்லவா!

வந்து குடியேறியவர்களுக்கு 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்தாண்டு அங்கேயே தங்கிப் பயிர் செய்தால் பட்டா. 160 ஏக்கர் என்றால் கால் செக்ஷன். கணக்குப்படி ஒரு டவுன்ஷிப்பில் 144 குடும்பம். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 700 பேருக்கு மேல். நம்மைப் போல நெருக்கிக் குடியிருந்துகொண்டு வயலுக்குப் போய்வரும் பழக்கம் அங்கே இல்லை. அவரவர் நிலத்தில் அவரவர் வீடு. அடுத்த வீட்டுக்கு அரை மைல்.

நிலம் அதே, ஆள் குறைவு

1930களின் வறட்சி முதல் அடி. பிறகு டிராக்டர் வந்தது. பத்துப் பேர் வேலையை ஒருவர் செய்தார். 1980களில் வட்டி ஏறி, நில விலை சரிந்து, கடனில் முழுகியவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்து நிலத்தை வாங்கியவரின் பண்ணை பெருத்தது. 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்கப் பண்ணையின் சராசரி அளவு 463 ஏக்கர். அந்த அளவில் பார்த்தால் 144 பண்ணை இருந்த சதுரத்தில் 50 பண்ணைக்குத்தான் இடம்.

வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1930இல் 6,80,845 பேர். 2000இல் 6,42,200 பேர். அதே எழுபது ஆண்டில் நாட்டின் மக்கள்தொகை 12 கோடியிலிருந்து 28 கோடியானது.

இந்தச் சரிவின் கடைசிப் படி, போங்கா பூமிக்குப் பக்கத்திலேயே, மோனோவி என்ற சிற்றூரில் இருக்கிறது. 1930இல் அங்கே 123 பேர். 2004இல் கணவர் ரூடி இறந்தபின் எல்சி ஐலர் மட்டுமே மிஞ்சினார். மேயர் அவர்தான், எழுத்தரும் பொருளாளரும் அவர்தான். மதுக்கடை நடத்தியவரும் அவரே என்பதால் உரிமம் கேட்பதும் கொடுப்பதும் ஒரே கை. நான்கு தெருவிளக்கு எரிய அவரே தனக்கு வரி போட்டு, தானே கட்டினார். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1. 2020இல் 2! யாரும் குடியேறவில்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியாதிருக்க, மாநிலத்துக்குக் கீழான எண்களில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு பிசகுகளைச் சேர்த்தது. பெரிய ஊரில் ஒன்று கூடினால் யாருக்கும் தெரியாது. இங்கே அது ஊரையே இரட்டிப்பாக்கிவிட்டது.

சாலைக்கு யார் பொறுப்பு?

டவுன்ஷிப்பின் தலையாய வேலை சாலை. டகோட்டா மாநிலங்களில் ஒவ்வொரு செக்ஷன் கோடும் பொதுவழி. அகலம் 66 அடி, அதாவது ஒரு சங்கிலி. எல்லாக் கோட்டிலும் சாலை போட்டு, எல்லைச் சாலைகளைப் பக்கத்து டவுன்ஷிப்போடு பாதியாகப் பங்கிட்டால் ஒரு டவுன்ஷிப்பின் தலையில் 72 மைல் விழும். 720 பேர் இருந்தால் மைலுக்குப் பத்துப் பேர். 72 பேரானால் மைலுக்கு ஒருவர். சரளை கொட்டுவதும் பனி தள்ளுவதும் ஆள் கணக்குப் பார்த்துக் குறைவதில்லை.

மின்னசோட்டாவில் மார்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப்வாசிகள் கூடி, வரி எவ்வளவு என்று தாங்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நம்மூர் கிராமசபை தீர்மானம் போடும். அங்கே கூட்டமே வரி போடும். ஆனால் நிர்வாகத்தை நடத்த மேற்பார்வையாளர்களும் ஓர் எழுத்தரும் ஒரு பொருளாளரும் வேண்டும். ஆள் கிடைக்காத டவுன்ஷிப்கள் கலைந்து மாவட்ட நிர்வாகத்தின் கீழ் போகின்றன. பத்திரத்தில் செக்ஷன் எண் அப்படியே இருக்கும்; முடிவெடுக்கும் கூட்டம் மட்டும் இருக்காது.

ஆறு மைல் என்ற அளவு நிலத்தை விற்பதற்காக வகுத்தது. அந்தச் சதுரத்தில் எத்தனை பேர் இருந்தால் ஊர் தாங்கும் என்று 1785இல் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், மார்ச் மாதக் கூட்டத்தில் பொருளாளர் பதவிக்குக் கை தூக்க ஆளில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தச் சிலர்தான்.