வேரில் கசியும் ஐதரசன்

மாரி மழைக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்துச் செம்மண் தோட்டங்களில் சணல் மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது, வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். தோட்டக்காரர் அந்த மஞ்சளை அதிக நாள் வைத்திருப்பதில்லை. பூக்கும் பருவத்திலேயே உழுது மண்ணோடு மடித்துவிடுவார். அடுத்து வரும் வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ அதுவே பசுந்தாட் பசளை.

மடிப்பதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர்மண்ணை உதறிப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நமது இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் றைசோபியம் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்குகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதியத்துக்கு ஒட்சிசன் பட்டால் ஆகாது. ஆகவே அந்தச் சிவப்புப் புரதம் ஒட்சிசனைப் பிடித்து, வேண்டிய அளவு மட்டும் உள்ளே விடுகிறது.

வியப்பு இதற்கு மேல்தான். ஒரு நைதரசன் மூலக்கூறை அமோனியாவாக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நொதியம் குறைந்தது ஒரு ஐதரசன் மூலக்கூறையும் உண்டாக்கியே தீரும். செலவாகும் எட்டு இலத்திரன்களில் இரண்டு அதற்கே போகின்றன. சில பற்றீரியா வகைகள் இந்த ஐதரசனைத் திரும்பப் பிடித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். பல வகைகளுக்கு அந்த வசதி இல்லை. வாயு முடிச்சிலிருந்து மண்ணுக்குக் கசிகிறது. அது மேலே வந்து காற்றோடு கலப்பதும் அரிது. முடிச்சைச் சுற்றிச் சில சென்ரிமீற்றருக்குள் மண்ணிலுள்ள வேறு பற்றீரியாக்கள் அதை உணவாக்கிப் பெருகுகின்றன.

இந்தக் கசிவு வீண்தானா? கனடிய ஆய்வாளர்கள் மண்ணினூடாக ஐதரசனைச் செலுத்தி, அந்த மண்ணில் கோதுமை, பார்லி போன்றவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரண மண்ணில் வளர்ந்தவற்றைவிட அவை செழித்தன. அவரைக் குடும்பப் பயிருக்குப் பின் விதைக்கும் பயிர் நன்றாக வருவதற்கு நைதரசனோடு ஐதரசனும் ஒரு காரணமாகலாம் என்று 2003இல் எழுதினார்கள்.

தோட்டத்துக்கு ஐதரசன் வரும் இன்னொரு வழி யூரியாப் பை. இயற்கை வாயுவிலிருந்து ஐதரசனைப் பிரித்து, 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அமுக்கத்திலும் நைதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். சணல் வேர் அதே அமோனியாவை மண்ணின் சூட்டிலேயே ஆக்குகிறது.

உணவுத் தொழிலிலும் ஐதரசன் பழைய ஆள். திரவ எண்ணெயை நிக்கல் ஊக்கியோடு ஐதரசனேற்றிக் கட்டியாக்கும் முறைக்கு ஜேர்மனியரான வில்ஹெல்ம் நோர்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். வனஸ்பதி அப்படி வந்தது. அரைகுறையாக ஐதரசனேற்றும்போது இதயத்துக்குக் கேடான ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாவது பின்னர் தெரியவந்தது. இப்போது புதிதாகப் பேசப்படுவது ஐதரசன் கரைந்த நீர். சீன ஆய்வுகூடங்களில் அந்த நீர் நெல் நாற்றுகள் உவரைத் தாங்க உதவியது. அதில் நனைத்த கிவிப் பழங்கள் பழுக்கத் தாமதித்தன. வாழைக்குலைகள் குவியும் சுன்னாகச் சந்தைக்கும் உவரேறும் கிணறுகளைக் கொண்ட குடாநாட்டுக்கும் இவை நம்பிக்கை தரும் செய்திகள். ஆனால் ஒரு லீற்றர் நீரில் கரைவது ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் மட்டுமே. திறந்த பாத்திரத்தில் அதுவும் பறந்துவிடும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு என்பதையும் மறக்கலாகாது.

மீண்டும் யூரியாப் பைக்கு வருவோம். நமக்கு வற்றாத ஆறில்லை. குடிநீரில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான். மேலே கொட்டுவது கீழே இறங்கும் என்பதை எண்ணெய் கலந்த கிணறுகள் சுன்னாகத்துக்குக் கற்பித்துவிட்டன. மிதமிஞ்சிய யூரியாவும் நைத்திரேற்றாக அதே கிணற்றுக்குத்தான் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டியிருக்கின்றன.

ஆகவே தோட்டஞ் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐதரசன் நீர் இயந்திரம் வாங்க யோசிப்பதற்கு முன், அடுத்த மாரிக்குச் சணல் விதையுங்கள். அதை மடித்த நிலத்துக்கு யூரியாவைக் குறைத்துப் போடுங்கள். மிச்சப்படுவது காசு மட்டுமல்ல, பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரும்.