சுவடின்றி மறைந்த வொராட்டா

கரையிலே நின்று கடலை நோக்குவோனுக்கு அலைகள் தெரிகின்றன, ஆழம் தெரிவதில்லை. ஏறக்குறைய இருநூறு மீற்றருக்குக் கீழே கதிரவனின் ஒளி மங்கிவிடுகின்றது. ஆயிரம் மீற்றருக்குக் கீழே என்றும் இருளே. உலகக் கடல்களின் அடித்தளத்தில் இன்றுவரை செம்மையாக அளந்து படம் வரையப்பட்டது நான்கில் ஒரு பங்கு அளவேயாகும். இவ்வாறிருக்க, ஆழ்கடலை எண்ணி மனிதன் அஞ்சுவதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் அவ்வச்சத்தை வளர்த்ததில் ஆழத்துக்கு உள்ள பங்கிலும், சென்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல ஒருவரேனும் திரும்பி வராத நிகழ்ச்சிகளுக்கு உள்ள பங்கு பெரிது. நமது இந்து சமுத்திரத்தின் தென்மேற்கு மூலையில் 1909ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று அத்தகையது.

வொராட்டா என்பது அவுஸ்திரேலியாவில் மலரும் ஒரு செந்நிறப் பூவின் பெயர். அப்பெயரைத் தாங்கிய நீராவிக் கப்பல் ஸ்கொத்லாந்தில் கட்டப்பட்டு 1908ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்டது. ஒன்பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்டது. இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதற்காக அமைந்தது. கப்பித்தான் இல்பரி நீண்டகாலம் கடலில் உழைத்த முதியவர். தனது இரண்டாவது பிரயாணத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய கப்பல், தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையிலே நிலக்கரி ஏற்றிக்கொண்டு, 1909 யூலை 26ஆந் திகதி மாலை 211 பேருடன் கேப்டவுண் நோக்கிப் புறப்பட்டது. மூன்று நாட் பிரயாணம். மறுநாட் காலை கிளான் மக்கின்ரயர் என்னும் சரக்குக் கப்பலை வொராட்டா எட்டிப் பிடித்தது. விளக்கொளியால் இரு கப்பல்களும் நலம் விசாரித்துக்கொண்டன. வேகமிக்க வொராட்டா முன்னே சென்று அடிவானத்தில் மறைந்தது. ஐயத்துக்கு இடமின்றி அதனைக் கண்டவர்கள் அச்சரக்குக் கப்பலின் மாலுமிகளே கடைசி.

அன்றிரவு கெல்ப் என்னும் வேறொரு கப்பல், தொலைவிலே சென்ற ஒரு கப்பலுடன் விளக்கொளியாற் பேச முயன்றது. பெயரின் ஈற்றிலுள்ள மூன்று எழுத்துக்களை மட்டுமே வாசிக்க முடிந்தது; அவை வொராட்டாவின் ஈற்றெழுத்துக்களோடு பொருந்தின. ஹாலோ என்னும் கப்பலிலிருந்தோர் புகையையும், பின்னர் இரண்டு பெருஞ் சுடர்களையும் கண்டனர். கரையிலே புதர்க்காடு எரிகிறது என்று எண்ணி வாளாவிருந்தனர். யூலை 28ஆந் திகதி அப்பகுதியிலே மிகக் கொடிய புயல் வீசியது.

இக்கதையைச் சொல்லுவோர் எவரும் குளோட் சோயர் என்ற பிரயாணியை விட்டுவிடுவதில்லை. கையில் வாளேந்திய உருவமொன்று தமது கனவில் மும்முறை தோன்றியதாகக் கூறி, அவர் டேர்பனிலேயே இறங்கிவிட்டார். உயிரும் தப்பினார். கனவைப் பற்றி ஏடுகள் பலவும் எழுதின. ஆனால் அவர் அதனை மட்டும் சொல்லவில்லை. பலமுறை கடற்பிரயாணஞ் செய்து பழகிய பொறியியலாளர் அவர். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் மீண்டும் நிமிர்வதற்கு நெடுநேரம் எடுக்கின்றது என்பதைத் தம் கண்ணாலே கவனித்திருந்தார். கப்பலின் மேற்பாரம் மிகுதி என்று மனைவிக்குத் தந்தியும் அடித்தார். கனவு அனைவர்க்கும் நினைவிருக்க, அவர் கண்ணாற் கண்டது மறக்கப்பட்டது. கடலைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் இவ்வாறே வளர்கின்றன.

கப்பல் குறித்த நாளிலே கேப்டவுணை அடையவில்லை. முதலில் எவரும் பெரிதாகக் கலங்கவில்லை. 1899ஆம் ஆண்டு வைக்காற்றோ என்ற கப்பல் இயந்திரத் தண்டு முறிந்து, மூன்று மாதங்களுக்கு மேல் தென்கடலில் மிதந்து, பின்னர் மீட்கப்பட்டதைப் பலரும் அறிந்திருந்தனர். அந்த நினைவு உறவினரின் நெஞ்சில் நம்பிக்கையை ஊட்டியது. அவர்களது வேதனையை நீட்டியதும் அதுவே. பிரித்தானியப் போர்க்கப்பல்கள் தேடின. சபைன் என்ற கப்பல் எண்பத்தெட்டு நாட்களாகப் பதினாலாயிரம் மைல் சுற்றித் தேடியது. அடுத்த ஆண்டு உறவினர்களே பணந் திரட்டி வேக்பீல்ட் என்ற கப்பலை அனுப்பினர். நீரில் உடல்கள் மிதந்தன என்று சில மாலுமிகள் கூறியது உறுதிப்படவில்லை. மரப்பலகை ஒன்று, உயிர்காக்கும் வளையம் ஒன்று, இவையேனும் வொராட்டாவினுடையவை என ஐயமறக் கிடைத்தில. இறந்தார் என்று அறிந்தால் அழுது ஓயலாம். இருக்கிறாரா இல்லையா என்று அறியாதவர் எதைச் செய்து ஓய்வது?

1910ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டனிலே விசாரணை தொடங்கியது. வொராட்டாவின் முதற் பிரயாணத்தில் அதிலே சென்ற பேராசிரியர் வில்லியம் பிராக் சாட்சியம் அளித்தார். பின்னர் 1915இல் தம் மகனுடன் நொபெல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் இவரே. கப்பலின் நிலைபேறு பற்றித் தமக்கு ஏற்பட்ட ஐயத்தை எடுத்துரைத்தார். குறையொன்றுமில்லை என்றவர்களும் உளர். புயலில் கவிழ்ந்திருத்தல் வேண்டும் என்பதே மன்றின் முடிவு. அதனோடு மன்று ஒரு வியப்பையும் வெளியிட்டது. புதுக்கப்பல் ஒன்று கடலில் எவ்வாறு நடந்துகொண்டது என்பது பற்றிக் கப்பித்தானுக்கும் உரிமையாளருக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில் ஒரு சொல்லும் காணப்படவில்லை என்பதே அது. வாளேந்திய உருவத்திலும் இந்த மௌனமே அஞ்சத்தக்கது.

அப்பகுதிக் கடலின் இயல்பும் இன்று நன்கு விளங்குகின்றது. ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டி அகுலாஸ் என்னும் வெந்நீரோட்டம் தென்மேற்குத் திசையில் விரைந்து பாய்கின்றது. அதற்கு எதிராகத் தென்சமுத்திரத்துப் புயல்களிற் பிறந்த பேரலைகள் வடகிழக்கு நோக்கி வருகின்றன. காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே நின்றால் கடல் கொந்தளிக்கும் என்பதை நம் கரையோரத் தொழிலாளர் எவரும் சொல்வர். நீரோட்டம் தடுக்குந்தோறும் அலைகளின் இடைவெளி சுருங்குகின்றது, உயரம் கூடுகின்றது, முகம் செங்குத்தாகின்றது. கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டியே இத்தகைய அலைகள் மிகுதியாக எழுகின்றன. இவற்றுக்கு முன்னே ஆழமான பள்ளம் ஒன்று தோன்றுவதுண்டு. கப்பலின் முகப்பு அப்பள்ளத்தில் இறங்கி, நிமிர்வதற்கு முன்னே அலை மேலே சரிந்துவிடும். இருபது மீற்றர் உயரமான அலைகள் எழக்கூடும் என்று மாலுமிகள் எச்சரிக்கப்படுகின்றனர். முன்னாளில் மாலுமிகள் இதனைச் சொன்னபோது கற்றோர் பலர் மிகைக்கூற்று என்று ஒதுக்கினர். 1995 சனவரி முதலாந் திகதி வடகடலில் நோர்வே நாட்டு எரிவாயு மேடை ஒன்றிலிருந்த கருவி 25 மீற்றருக்கு மேற்பட்ட தனியலை ஒன்றைப் பதிவு செய்தது. அதன்பின்னரே ஐயம் ஒழிந்தது. சாய்ந்தால் நிமிரத் தயங்கும் ஒரு கப்பல் அத்தகைய அலையின் முன்னே எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

எஞ்சுவது கம்பியில்லாத் தந்தி பற்றிய செய்தி. வொராட்டாவில் அக்கருவி இல்லை. அதே 1909ஆம் ஆண்டு சனவரியிலேதான், அத்திலாந்திக் கடலில் மோதுண்ட றிப்பப்ளிக் என்ற கப்பல் கம்பியில்லாத் தந்தி மூலம் உதவி கேட்டு, ஏறக்குறைய எல்லாப் பிரயாணிகளும் காப்பாற்றப்பட்டனர். அக்கருவி இருந்திருப்பின் வொராட்டா பிழைத்திருக்கும் என்று துணிந்து கூறல் இயலாது. சில நிமிடங்களிற் கவிழ்ந்த கப்பலை எவரும் மீட்டிருக்க முடியாது. ஆயினும் ஒரு சொல்லேனும் வந்திருந்தால், எங்கே தேடுவது என்பதாவது தெரிந்திருக்கும்.

தேடல் அண்மைக் காலம்வரை நீடித்தது. தென்னாபிரிக்காவைச் சேர்ந்த எம்லின் பிரவுண் இருபதாண்டுகளுக்கு மேல் இதற்காக உழைத்தார். 1999இல், வொராட்டா அகப்பட்டது என்ற செய்தி பரவியது. ஆழத்தில் இறங்கிப் பார்த்தபோது, 1943இல் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட நெயில்சீ மெடோ என்னும் சரக்குக் கப்பலாக அது இருந்தது. போர்க்காலத் தளபாடங்கள் அதன்மேற் கிடந்தன. 2004இல் பிரவுண் தேடலைக் கைவிட்டார். இனி எங்கே பார்ப்பதென்று தமக்குத் தெரியவில்லை என்றார். கப்பலும் 211 பேரும் கிடக்குமிடம் எந்தப் படத்திலும் குறிக்கப்படவில்லை.