வரி இல்லாமல் வந்த மிளகு

கேரளத்தில் வயநாடு, இடுக்கி. கர்நாடகத்தில் குடகு. இந்தப் பகுதிகளில் மிளகு நன்றாக விளைகிறது. பக்கத்து நாடான இலங்கையிலும் மிளகு விளைகிறது. அந்த மிளகு கடல் கடந்து நம் சந்தைக்கும் வருகிறது.

வெளிநாட்டுச் சரக்கு இங்கே வந்து இறங்கும்போது அரசு வரி போடும். இதற்குச் சுங்க வரி என்று பெயர். 100 ரூபாய்ச் சரக்குக்கு 70 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். அதன் விலை 170 ரூபாய் ஆகிவிடும். அதனால் உள்ளூர்ச் சரக்கும் நல்ல விலைக்குப் போகும்.

இரண்டு நாடுகள் கூடிப் பேசி இந்த வரியைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். "உன் சரக்குக்கு நான் வரி போடமாட்டேன். என் சரக்குக்கு நீ வரி போடாதே." இதுதான் தடையற்ற வணிக ஒப்பந்தம். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28 அன்று இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தன. அது 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதனால் யாருக்கு லாபம்? இலங்கை விவசாயிக்கு இந்தியா என்ற பெரிய சந்தை கிடைத்தது. இந்தியத் தொழிற்சாலைகளின் சரக்கு இலங்கையில் விற்றது. மிளகு வாங்குபவருக்கு விலை குறைந்தால் லாபம்தான். ஆனால் அதே விலைக் குறைவு மிளகு விளைவிப்பவருக்கு நட்டம்.

அதனால் சில பாதுகாப்புகளும் வைத்தார்கள். இந்தியா 429 வகைப் பொருள்களுக்குச் சலுகை இல்லை என்று பட்டியல் போட்டது. இலங்கைத் தேயிலைக்கு வரி பாதியானது. அதுவும் ஆண்டுக்கு 1 கோடியே 50 லட்சம் கிலோ வரைதான். மிளகுக்கும் பின்னர் அளவு வைத்தார்கள். ஆண்டுக்கு 2,500 டன் மட்டுமே வரி இல்லாமல் வரலாம்.

இன்னொரு விதியும் உண்டு. வரிச் சலுகை பெறும் மிளகு இலங்கையிலேயே விளைந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆனால் வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று நம் விவசாயிகள் புகார் சொன்னார்கள். விலை சரிகிறது என்று வருந்தினார்கள். சங்கம் கூடி அரசிடம் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் அரசு ஓர் ஆணை போட்டது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்றது.

கையெழுத்துப் போடுவது அரசு. அதன் பலன் தோட்டம் வரை வருகிறது. ஆகவே ஒப்பந்தச் செய்தி வந்தால் படியுங்கள். எந்தப் பொருளுக்கு வரி குறைகிறது? எவ்வளவு சரக்கு வரலாம்? அது எங்கே விளைந்தது? இந்த மூன்றையும் கேளுங்கள்.

கூடிப் பேசுங்கள்: உங்கள் ஊரில் விளையும் பொருள் வெளிநாட்டிலிருந்தும் வருகிறதா? வந்தால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?