ஏரிக்கரையின் வருகைப் பதிவேடு

பறவை பார்க்க வருவோரை ஊர் ஏரிக்குக் கூலி வாங்காமல் கூட்டிப்போய், எது என்ன பறவை என்று சொல்லித் தருபவர் தன்னார்வப் பறவை வழிகாட்டி. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் ரிக்‌ஷாக்காரர்களே தேர்ந்த வழிகாட்டிகள். அது அவர்களுக்குப் பிழைப்பு. தமிழ்நாட்டில் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள். ஞாயிறு விடியலில் தூக்கத்தைத் தொலைப்பதுதான் அவர்கள் போடும் முதல்.

இவர்களுக்குக் களம் சரணாலயமாக இருக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலியையே எடுத்துக்கொள்ளலாம். மயிலைத் தெலுங்கில் நெமலி என்பார்கள். பறவை பார்ப்பவருக்கு ஊர்ப்பெயரே நல்ல சகுனம். பக்கத்து மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த பல்லவர் காலத்து ஏரி. சற்றுத் தள்ளி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்று.

ஏரியில் எந்தப் பறவை இருக்கும் என்பதை நாட்காட்டியைவிட நீர்மட்டமே தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டி ஏரி நிரம்பினால், ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் கொண்டாடும். நீர் சற்று இறங்கியதும் வடக்கிலிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மேலோட்டமாக மேயும். ஓரம் சேறானால் உள்ளான்கள். முழுக்க வற்றிப் பாளம் வெடித்த பிறகு, சிவப்பு மூக்கு ஆள்காட்டி வெறுந்தரையில் சிறு கற்களுக்கு நடுவே முட்டையிடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. கால் வைக்கும் முன் பார்த்து வைக்கச் சொல்வது வழிகாட்டியின் கடமை. ஒரே கரைக்கு ஆண்டு முழுவதும் போகிறவருக்கே இந்தக் கணக்கு பிடிபடும். விலையுயர்ந்த தொலைநோக்கியோடு ஒருமுறை வந்து போகிறவருக்கு இது வாய்க்காது.

நல்ல வழிகாட்டி சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடத்துவார். கையை வீசிக் காட்டமாட்டார். ‘மூணாவது பனைக்கு இடப்பக்கம்’ என்று மெதுவாகச் சொல்வார். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், படத்துக்காகக் கூட்டை நெருங்குவதும் அவரிடம் நடக்காது. புதியவர் ‘கொக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர் பிரித்துக் காட்டுவார். கருப்புக் காலும் அதன் அடியில் செருப்புப் போட்டதுபோல் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்ன வெண்கொக்கு. மாட்டின் பின்னால் நடக்கும் மஞ்சள் அலகுக்காரர் உண்ணிக்கொக்கு. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். கூட்டத்தை எண்ணுவதற்கும் ஒரு வழி உண்டு: முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடம் மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பது.

பார்த்ததை எழுதிவைப்பது வேலையின் மறுபாதி. 1900 கிறிஸ்துமஸ் அன்று வட அமெரிக்காவில் பிராங்க் சாப்மன் என்பவரின் யோசனைப்படி 27 பேர், பறவைகளைச் சுடுவதற்குப் பதில் எண்ணினார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் கண்டதையும் கேட்டதையும் எழுதி, 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதிய முழுப் பட்டியலுக்கு ஒரு தனி மதிப்பு: அதில் இல்லாத பறவை அன்று தட்டுப்படவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

இந்தப் பட்டியல்கள் சேர்ந்துதான் 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை ஆனது. 942 இனங்களை மதிப்பிட்ட அதற்கு 30,000க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள் அடிப்படை. நன்கு தெரிந்த பறவைகளே தேய்ந்துவருவதை அது காட்டியது. தட்டைவாயன், கிளுவை, உள்ளான் ஆகியவற்றோடு அதில் பனங்காடையும் உண்டு. வயலோர மின்கம்பியில் பழுப்பாக உட்கார்ந்திருந்து, பறக்கும்போது மட்டும் நீலம் தெறிக்கும் பறவை. அரிய பறவை தேடி ஏரிக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போவார்கள். வழிகாட்டி அந்தக் கம்பியடியிலேயே வண்டியை நிறுத்தி, பனங்காடை ஒன்று என்று முதல் வரியை எழுதுவார்.